என்னை இளைக்க வைத்த நடை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, என் உடம்பைக் குறைத்தாக வேண்டும் என்று அக்கா அப்பாவிடம் சொன்னாள்.

"பாப்பா ரொம்ப குண்டாயிட்டாப்பா. காலையில நான் நடக்கக் கூட்டிட்டுப் போறேன்."

வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா அப்போது பிளஸ் டூ. மாதம் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பாள். கொய்யாக்காய் தின்றதால் வந்த வலி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். காலாண்டுப் பரீட்சை ஒன்று அப்படித்தான் போனது. மாசியில் செய்முறைத் தேர்வு. அதையும் விட்டுவிடுவோமோ என்று பயந்தாள். தினமும் வேகமாக நடந்து, உடம்பை வளைத்துப் பழகினால் வலி குறையும் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல அக்காவுக்குக் கூச்சம். அதனால் குண்டானவள் நானானேன். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மார்கழிப் பனியில் வெண்ணாற்றங்கரையில் அக்கா விரைவாள். நான் பின்னால் ஓடுவேன். மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து நிமிர்வாள். நானும் செய்வேன். வண்டியில் போகிறவர்கள், "பாப்பா இளைச்சிடுச்சே" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

தேர்வன்று காலையில் அக்காவின் முகம் சுண்டியிருந்தது. அம்மா பாயை விரித்தாள். அக்கா படுக்கவில்லை. கூடத்தில் கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மெல்ல வளைத்து நிமிர்ந்தாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்குதும்மா. ஆனா முன்ன மாதிரி இல்ல. நிக்க முடியுது."

வெந்நீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனாள். பஸ் பாலம் தாண்டும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள்.

சாயங்காலம் அக்கா தேர்வை முடித்துவிட்டுச் சிரித்த முகமாக வந்தாள். அப்பா என்னை நெல் எடை போடும் தராசில் ஏற்றினார். நடக்கத் தொடங்குமுன் நிறுத்துப் பார்த்ததைவிட எடை கூடியிருந்தது. அவ்வளவு நடையும் வீண் என்று நான் அழுதேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பா நகர்ந்ததும் தாழ்ந்த குரலில், "இந்த வயசுல நடந்தாலும் குறையுமாடி?" என்று அக்காவிடம் கேட்டாள்.

மறுநாள் விடியலில் அம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள். அம்மா ஏற்கெனவே குச்சி போல இருப்பாள். அவளிடம் இளைக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே, அவர்கள் இருவருக்கும் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன்.