இருபது அடி ரோடு

"லைட்ட அணை ரெனி, கண்ணு கூசுது..."

"முடியாது ஜெர்வின். டாக்டரு இன்னா சொன்னாரு? இருட்டு ரூம்ல..."

"டாக்டரா காலைல அஞ்சு நாப்பது வண்டியப் புடிக்கப் போறாரு? நான்தான..."

"...இருட்டு ரூம்ல கம்ப்யூட்டர் பாத்தா கண்ணு கெட்டுடும்னாரு. என் கண்ணு போனா உனுக்குப் பரவால்லியா?"

"அந்த அலாரம் வேற! இருபது நிமிசத்துக்கு ஒருக்கா கீ கீன்னுது. மனுசன் தூங்கறதா இன்னா?"

"மாடிக்குப் போய் படு!"

"போறேன்! கதவத் தாப்பா போட்டுக்கோ!"

இது நடந்தது. திருநின்றவூரில், போன ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. நம்பாதவர்களுக்கு ரெனிதா தன் இடது புருவத்தைக் காட்டுவாள். ஒன்பது தையல். தொட்டும் பார்க்கலாம்.

ரெனிதாவுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவிலிருந்து வரும் நோயாளி ரிப்போர்ட்டுகளைப் படித்து, ஒவ்வொரு வியாதிக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். ராத்திரி பத்து முதல் விடியற்காலை ஆறு வரை. ஆறு மாதமாகக் கண் எரிச்சல். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தூரத்து முகங்கள் புகை மூட்டமாகின.

அன்று சாயங்காலம் கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "இப்படியே போனா இந்த வேலையை விட்டுட வேண்டியதுதாம்மா. அறையில லைட் எரியணும். அடிக்கடி கண்ணை சிமிட்டணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்துல இருக்கறதை, இருபது செகண்ட் பாக்கணும்."

இருபது அடியை எங்கே போய் அளப்பது? ரெனிதாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அவர்கள் குடிவந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெருமுனை லேஅவுட் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, இருபது அடி ரோடு என்று. அவளுடைய மேசை ஜன்னலை ஒட்டி. ஜன்னல் ரோட்டை ஒட்டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர் வீட்டு ஜன்னல். டேப் பிடித்தது மாதிரி கணக்கு சரியாக இருந்தது.

எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் துபாயில்.

ஜெர்வின் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளிப்படி ஏறினான். ரெனிதா தாழ்ப்பாள் போட்டாள். மணி 10.50.

11.12க்குத் தெருவிளக்கு அணைந்தது. வீட்டில் மின்சாரம் இருந்தது. தெரு மட்டும் இருட்டு.

11.20. அலாரம் அடித்தது. ரெனிதா தலையை நிமிர்த்தி எதிர் ஜன்னலைப் பார்த்தாள்.

அங்கே வெளிச்சம்.

ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் கலங்கலாகத் தெரிந்தது. "அட, ஆளு வந்துட்டாங்களா? நம்மள மாதிரியே ராத்திரி வேலை போல" என்று ரெனிதாவின் மனசுக்குத் தெம்பாகக்கூட இருந்தது. கையசைத்தாள். அவளும் அசைத்தாள்.

11.38. பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"லைட்ட அணைடி. கண்ணு கூசுது."

ரெனிதா திரும்பவில்லை. கோபம்தான் வந்தது. எத்தனை சண்டையிலும் ஜெர்வின் 'டி' போட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கிய சத்தியம் அது.

"வந்துட்டியா? டி போட்டுப் பேசற வேலையெல்லாம் வெச்சிக்காத."



தாழ்ப்பாள் போட்டோமே... இவன் எப்படி உள்ளே வந்தான்? பின்கதவு திறந்திருக்கும் போல. ரிப்போர்ட்டில் மறுபடி மூழ்கிவிட்டாள்.

11.40. அலாரம்.

எதிர் ஜன்னலில் அந்தப் பெண் தனியாக இல்லை. அவளுக்குப் பின்னால் ஓர் ஆள். பனியன் போட்ட ஆள். அசையாமல் நின்றான்.

புருஷனாக இருக்கும். பதினெட்டு... பத்தொன்பது... இருபது. ரெனிதா கண்ணைச் சிமிட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அறையில் வியர்வை நாற்றம். யாரோ மூச்சு விடும் சத்தம். சீராக. மிக அருகில்.

"குறட்டை வுடாத ஜெர்வின்."

மூச்சு நின்றது.

12.00. அலாரம்.

அந்த ஆள் இப்போது அந்தப் பெண்ணின் முதுகை ஒட்டி நின்றான். கை அவள் தலைக்கு மேல். ஐந்து விரலும் விரிந்து... மெல்ல இறங்கியது.

அந்தப் பெண் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! பின்னாடி பாரும்மா!" ரெனிதா கத்தினாள்.

அவளும் வாயைத் திறந்தாள். அதே நொடியில்.

மேசை மேல் போன் அடித்தது. ஜெர்வின்.

"ரெனி, மாடில ஒரே கொசு. ரோட்ல எறங்கி நிக்கறேன். எதிர் வூட்டுச் சுவரு கிட்ட."

"ரோட்லயா? அப்ப கட்டில்ல..."

"ரெனி. உன் பின்னாடி யாரு?"

முடி கொத்தாகப் பிடிபட்டது.

முகம் மானிட்டரில் மோதியது. கண்ணாடி நொறுங்கியது.

"லைட்ட..."

மறுபடி மோதியது. மூக்கெலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது.

"அணைடின்னு..."

மறுபடி. கண்ணுக்குள் சூடாக ரத்தம்.

"சொன்னேன்ல."

ஜெர்வின் கதவை உடைத்து உள்ளே வந்தபோது 12.04. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. டியூப் லைட் அணைந்திருந்தது. சுவிட்சைப் போட்டான். ஆள் இல்லை. பின்கதவு உள்பக்கமாகவே பூட்டியிருந்தது. ரெனிதாவின் உச்சந்தலையில் ஐந்து இடத்தில் முடி வேரோடு போயிருந்தது.

மறுநாள் ஜெர்வின் எதிர் வீட்டுச் சுவரேறிக் குதித்து அந்த ஜன்னலைத் தட்டிப் பார்த்தான். கறுப்பு கூலிங் பேப்பர் ஒட்டிய கண்ணாடி. அதற்குப் பின்னால் திருடனுக்குப் பயந்து ஹாலோ பிளாக் வைத்து அடைத்த சுவர். அந்த ஜன்னலில் யாரும் உட்காரவே முடியாது. அன்று ராத்திரி அந்தக் கண்ணாடியில் தெரிந்தது இவர்களுடைய அறைதான்.

இருபது அடி தூரத்தில் நின்றான் என்று அவள் நினைத்தவன், அவளுக்கு ஒரு சாண் பின்னால் நின்றிருந்தான்.

பக்கத்து வீட்டு மோகனப்பிரியா பிளாஸ்க்கில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"ஓனரம்மா சொல்லக் கூடாதுன்னுச்சும்மா. உங்களுக்கு முன்னாடி ஷர்மிளான்னு ஒரு பொண்ணு கீந்துச்சு. அதுவும் ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர்தான். புருசன் தினேசுக்கு லைட்டு எரிஞ்சா தூக்கம் வராது. டெய்லி சண்டை. ஒருநாள் பன்னெண்டு மணிக்கு... அதும் தலையப் புடிச்சி அந்த கம்ப்யூட்டர்லயே இடிச்சி... அங்கியே முடிஞ்சிபோச்சு."

"அவன்?" ஜெர்வின் கேட்டான்.

"ஜெயிலு. ரெண்டு வருசமா உள்ளதான் கீந்தான்."

"அப்ப உயிரோட கீறான். அப்புறம் எப்பிடி..."

"நெஞ்சு வலின்னு செத்துட்டானாம், நைனா. உங்களுக்கு இப்பிடி ஆன அதே வியாயக்கெயமை. ராத்திரி பதினொன்னரைக்கு."

இப்போது அவர்கள் ஆவடியில் இருக்கிறார்கள். ரெனிதா அம்பத்தூரில் ஓர் ஆபீசுக்கு மாறிவிட்டாள். பகல் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ராத்திரி ஒன்பதரைக்கே எல்லா விளக்கையும் அணைத்துவிடுவாள், போனைக்கூட.

போன வாரம் ஜெர்வினுக்கு நைட் ஷிப்ட். அவள் தனியாகப் படுத்திருந்தாள். நல்ல இருட்டு. தூக்கம் வரவில்லை.

மணி 11.38 இருக்கும்.

கட்டிலின் அந்தப் பக்கம் கிரீச்சிட்டது.

"லைட்டத்தான் அணைச்சிட்டியே... இன்னும் ஏன்டி கண்ணத் தொறந்துகினு கீற?"