டானியலுக்கு நான் தகப்பன் வைச்ச கதை

போன ஆகஸ்ட்டிலை நான் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனது கடல் குளிக்க இல்லை. என்ர ஹோம் பேஜைப் பாக்கிற ஆக்களுக்குத் தெரியும், வம்சாவளி எண்டா எனக்குப் பைத்தியம். படிச்சு வந்ததில்லை, எல்லாம் மெயிலிங் லிஸ்டிலை பொறுக்கினது. அங்கைதான் லொரெட்டா அன்ரி அறிமுகம். அமெரிக்காவிலை இருக்கிற கறுப்பின மனிசி. அவவின்ர மூத்த தலைமுறை டானியல் ஹார்வுட், அமெரிக்கா ஒரு நாடாக வரமுந்தியே பார்படோஸ் தீவிலையிருந்து கரோலைனாவுக்கு வந்தவராம். டானியலைப் பெத்தது ஆர்? அன்ரியின்ர அம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. சாகமுந்தி அவவுக்கு அது தெரியவேணும்.

ஹார்வுட்! அம்மா வீட்டுவேலை செய்யிற இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவின்ர மொண்டெல்லோ வீட்டுக் கதவிலை கிடக்கிற பேரெல்லே! விசாரிச்சா, ஓம், அவவின்ர இங்கிலீஷ்கார மனிசனின்ர முன்னோர் பார்படோஸிலை கரும்புத் தோட்டம் வைச்சிருந்தவையாம். தோட்டத்துக் கணக்கு எழுதின பழைய கொப்பி அலுமாரிக்குள்ளை இருக்காம்!

நகரத்து நடுவிலை இருக்கிற பொலிதேயாமாவிலை காலமை 9.10க்கு பஸ். டிக்கெட் 1,500 லீரா, பதினொரு கிலோமீற்றர். பஸ் முழுக்கக் குடையும் வத்தகப்பழமும்.

"துவாய் எங்கையடா?" எண்டு டிரைவர் கேட்டார்.

"நான் செத்த ஆக்களைத் தேடிப் போறன்."

"அவை ஓடமாட்டினம். முதல் குளி!"

9.50க்கு இறங்கினன். அம்மா வாசலிலையே, "கையைக் கழுவு. சிஞ்ஞோராவுக்கு முன்னாலை துள்ளாதை" எண்டா. துள்ளினன்தான். கொப்பியிலை டானியல் ஹார்வுட், கரோலைனாவுக்கு அனுப்பினது எண்டு கிடந்தது. முதலாளியின்ர பேரும் கொப்பி முழுக்க வெறும் ஹார்வுட். நான் ஜூட் பாக்கியநாதன், பாக்கியநாதன் என்ர அப்பா. அப்ப ஹார்வுட் டானியலின்ர அப்பா! அடுத்த பக்கம் மாடு, கழுதை, ஒற்றைப் பேருகள். மாட்டுப் பட்டியல் எண்டு புரட்டிவிட்டன்.

அண்டைக்கே மெயில்: "டானியல் முதலாளியின்ர மகன்!!! நீங்கள் பெரிய வீட்டு ஆக்கள்!!!"

ரெண்டு நாளாலை பதில் வந்தது. "ஜூட், டானியல் அந்த ஆளின்ர அடிமை. அடிமைக்கு முதலாளிமார் தங்கட பேரைப் போடுவாங்கள். நான் யோசிக்காமல் அம்மாவுக்கு வாசிச்சுப்போட்டன். 'அவனோ எங்களைப் பெத்தவன்?' எண்டு கேட்டவ. பிறகு சாப்பிடேல்லை."

அதை வாசிக்க எனக்குக் காதெல்லாம் எரிஞ்சுது. அடுத்த நாள் அதே 9.10 பஸ். டிரைவர், "செத்தவையைக் கண்டியோ?" எண்டார். தலையைக் குனிஞ்சுகொண்டு பின்னுக்குப் போய் நிண்டன்.

சிஞ்ஞோராவின்ர குசினியிலை என்ர அம்மாவுக்குச் சொன்னன். அவ பாத்திரம் கழுவினபடி, "புஷ்பராணி எண்டு வாயிலை வராதெண்டு சிஞ்ஞோரா என்னை ஒன்பது வருசமா ரோசா எண்டு கூப்பிடுறா. அவவோ என்னைப் பெத்தது, மடையா?" எண்டா.

புரட்டிவிட்ட பக்கத்தைத் திருப்பி எடுத்தன். பசு ரெண்டு. பெஸ், அவளின்ர மகன் டானியல். கோவேறு கழுதை ஒண்டு.

அன்ரிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினன். "தாய் பெஸ். தகப்பன் ஆரெண்டு எழுதேல்லை. முதலாளிதான் எண்டதுக்கு இதிலை ஒண்டுமில்லை." இந்தமுறை ஆச்சரியக்குறி போடேல்லை. "பெஸ் எண்டதை அம்மா ரெண்டுதரம் வாசிக்கச் சொன்னவ" எண்டு மட்டும் பதில். என்னை மன்னிச்சதோ தெரியாது, நான் கேக்கவும் இல்லை.

மொண்டெல்லோ போற ஆக்கள் பத்து மணிக்கு முதல் போங்கோ, பிறகு பஸ்ஸிலை நிக்கவும் இடமில்லை. பழைய கொப்பி பாக்கப் போற ஆக்கள் மாட்டுப் பக்கத்தையும் வாசியுங்கோ. அதுக்குள்ளை ஆக்கள் இருப்பினம்.