அண்ணன் காட்ட மறுத்த பேஸ்பால் நோட்டு

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொல்லி உறவினர்கள் கேட்டார்கள். எழுதுகிறவள் அவரை ஏழு வருடம் சந்தேகப்பட்ட தங்கை என்பதையும் தெரிந்துகொண்டே படியுங்கள்.

அண்ணன் மூணாறு எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். எஸ்டேட் பள்ளிக்கு வந்த விளையாட்டு ஆசிரியர் ஒருவர் ஃபாக்டரி ஆட்களுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். ஆட முடியாத அண்ணன் நோட்டோடு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, எந்தப் பந்தை யார் அடித்தார், எதை அடிக்காமல் விட்டார் என்று ஒன்று விடாமல் குறித்தார்.

"அடிக்கிறவன எல்லாரும் பாக்காங்க. பொறுமையா விடுதவன ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்பார். எங்கள் பக்கத்தில் அவருக்கு முன் அப்படிக் குறித்தவர் யாருமில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்க மாநில அணியே அவரைக் கூப்பிட்டது.

ஆனால் எஸ்டேட்டில் நோட்டும் கையுமாக இருப்பவரை யார் நம்புவார்கள்? பாதிப் பேர் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு ஆட வருகிறவர்கள். அப்படி ஆடிய என் வீட்டுக்காரரை ஆபீசில் கூப்பிட்டு, மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"உங்கண்ணன் நோட்டுதான் ஆபீசுக்குப் போயிருக்கு" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. நேரே அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, அன்னைக்கு எழுதுனதக் காட்டுங்க."

"அத மட்டும் கேக்காத தாயி."

"அப்ப நீங்கதான் சொல்லியிருக்கீய."

அண்ணன் நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அத்தோடு பேச்சை விட்டேன். பொங்கலுக்கு அவர் வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன். அவர் மார்புவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், எதை மறைக்கிறார் என்றே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு நோட்டைப் பிரித்தேன். அன்றைய பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயரே இல்லை. அவர் அடித்தது, ஓடியது எல்லாம் அண்ணன் பெயரில் இருந்தன. ஓடவே முடியாத அண்ணன்! அவர் எழுதியதில் பொய்யான பக்கம் அது ஒன்றுதான். காட்டியிருந்தால், அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லி நான் அதை ஊரெல்லாம் காட்டியிருப்பேன். மாநில அணி பிறகு அவரை நம்பியிருக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் டிரைவருக்கும், கூட இருந்து பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், சாப்பாடு கொண்டுவந்த அடுத்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆபீசில் போய்ச் சொன்னவர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. இந்த மலர் அவர் கைக்கும் வரும். அண்ணனின் பாடையைத் தூக்கிப்போன நால்வரில் ஒருவராகவும் அவர் இருக்கலாம். அதனால் அந்த நால்வருக்கும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.