மலட்டுக் கொப்பு

தொண்ணூறுகளின் நடுவில், நாடு விட்டு வந்த நாங்கள் வெக்ஸ்போர்ட் என்ற புறநகரில், என் கணவருடைய அக்கா, என் மச்சாள், வீட்டுக் கீழ்த்தளத்தில், பேஸ்மென்டில் குடியிருந்தோம். பின்வளவு வேலியோரம் ஒரு பிளாக்பெரிப் பழப் பற்றை. வீட்டை விற்றுப்போன ஐரோப்பியக் கிழவர் விட்டுச்சென்றது. அவருடைய ஊரில் அது காட்டுச்செடியாம். கொத்தமல்லிபோல் கிழிந்து கிழிந்த இலை, வளைந்த முள். பூவிதழ்கூட நுனியில் மூன்றாகப் பிளந்திருக்கும். சட்டையில் கொளுவினால் லேசில் விடாது. அந்த விஷயத்தில் மச்சாளும் அதுவும் ஒன்று.

மச்சாள் கெட்டவரில்லை. வாய்க்குத்தான் பூட்டில்லை.

பழம் ஓய்ந்ததும் கத்தரிக்கோலோடு இறங்கினார். பழம் தந்த கொப்புகள் காய்ந்து கறுத்து நின்றன. பக்கத்திலேயே, ஒரு பூக்கூடப் பூக்காத பச்சைக் கொப்புகள் ஆளுயரத்துக்கு எழும்பி வளைந்திருந்தன. அவற்றைத்தான் வெட்டினார்.

"உதுகள் மலட்டுக் கொப்புகள். சும்மா நிண்டு, போடுற பசளையை உறிஞ்சுதுகள்."

வெட்டியதைப் போட நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலியாணமாகி வருஷங்கள் ஓடியும் எனக்குப் பிள்ளை இல்லை. அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கூடச் சுட்டது. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். எங்கள் வளவில் காய்க்காததற்குத்தான் வெட்டு.

அடுத்த கோடையில் ஒரு பழம் இல்லை. பழைய கொப்புகள் செத்துக் கிடந்தன. மச்சாள் மண்ணைத் திட்டினார், குளிரைத் திட்டினார். எனக்கு ரோசம் வந்து, நூலகத்தில் ஒரு செடிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வேர் பல வருஷம் இருக்கும். கொப்புக்கு ஆயுள் இரண்டே வருஷம். முதல் வருஷம் வளரும், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் பூத்துக் காய்த்துச் சாகும்.

நேரே போய்ச் சொன்னேன்.

"மச்சாள், நீங்கள் வெட்டினது மலடில்லை. இந்த வருஷம் காய்க்க இருந்தது அதுகள்தான்."

வழக்கு வென்றதுபோல் இருந்தது. அந்த முறை வேரிலிருந்து கிளம்பிய புதுக் கொப்புகளை மச்சாள் தொடவேயில்லை. மறுவருஷம் பற்றை முழுக்கக் கறுப்புக் கறுப்பாய்க் காய்த்தது. முதல் கிண்ணத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார். பக்கத்தில் அமர்ந்து என் கையைப் பிடித்தார்.

"நீதானே சொன்னனி, பொறுத்தால் காய்க்குமெண்டு. உனக்கும் உப்பிடித்தான். வாற வருஷம் பார்."

இனி வாய்ப்பில்லை என்று டொக்டர் சொன்னது அந்த வசந்தத்தில். என் கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மலடு என்ற சொல்லைத் தாங்கியிருந்தேன். இதைத் தாங்க முடியவில்லை.

"ஓம் மச்சாள்," என்று சொல்லிவிட்டுப் பழத்தைத் தின்றேன்.

அதற்கடுத்த வருஷமும் கிண்ணத்தோடு வந்தார்.