அக்காவின் முகம் அக்காவுக்கே

அக்காவின் இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துப் படம் மங்கலாக இருப்பதாக, அச்சுக்குப் போகும் முன் பார்த்த சிலர் குறைப்பட்டார்கள். உண்மைதான். அக்காவின் கல்யாண ஆல்பம் மழையில் நனைந்து ஒட்டிப்போனது. மிஞ்சியது, ஒரு காதுகுத்து விழாவில் யாரோ செல்போனில் எடுத்த இந்தப் படம்தான். பெரியப்பா ஒரு வழி சொன்னார்.

"இன்னாத்துக்கும்மா தேடிக்கினு? நீயே அப்படியே அவள உரிச்சு வச்ச மாதிரி கீற. அவ பொடவையக் கட்டிக்கினு ஒரு போட்டோ எடுத்துக் குடு. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியும் பெரியப்பா. அதனால்தான் மறுத்தேன். மறுத்ததற்கு இன்றும் வருத்தமில்லை.

அக்கா சங்கராபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா காலமானதும் பள்ளியை விட்டுவிட்டு, அம்மாவோடு கரும்புக் கொல்லையில் களையெடுக்கப் போனார். அக்கா வேலைக்குப் போனதால்தான் நான் நர்சிங் படிக்க முடிந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு, ஒரே கன்னக்குழி. "அச்சு அசல் அக்காவேதான்" என்று சந்தையில் யாராவது சொன்னால் அக்கா விடமாட்டார்.

"மூஞ்சிதாங்க ஒண்ணு, வவுறு வேற. அவ துன்னா எனக்குப் பசி அடங்கிடுமா?"

அப்படித்தான் பேசுவார். யார் தப்பாக நடந்தாலும் நின்ற இடத்திலேயே கேட்டுவிடுவார். நானோ வாய் திறக்கவே யோசிக்கிறவள்.

தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா லாரி ஓட்டுகிறார். ஒரே பெண் குழந்தை. மஞ்சள் காமாலை முற்றி, கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அக்கா கண்மூடினார். என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "பாப்பாவப் பாத்துக்க. ஆனா ஒன் வேலைய வுட்றாத."

காரியம் முடிந்த அன்றே, மாமாவுக்கு என்னைக் கட்டிவைக்கும் பேச்சு பந்தலில் தொடங்கியது. "கொழந்தைக்கு வித்தியாசமே தெரியாது. அதே மூஞ்சிதானே?" என்றார் பெரியப்பா. அம்மா அழுதார். மாமா தலை நிமிரவில்லை. என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

நானே எழுந்து "முடியாது" என்றேன். மாமா நல்லவர், அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் லாரிக்கு டயர் மாற்றுவதுபோல ஒருத்தி போன இடத்தில் இன்னொருத்தியை மாட்ட முடியாது. அப்படிச் செய்தால் எனக்கு மட்டுமல்ல, அக்காவுக்கும் அவமானம்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த மாமாவின் நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கிக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் கைகூப்புகிறேன். பெரியப்பாவுக்கும்தான். அக்காவின் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் அவர். இதைப் படித்து முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், நன்றி நன்றிதான்.

கடைசி நன்றி பாப்பாவுக்கு. அன்று பந்தலில் நான் முடியாது என்ற பிறகும், அவளைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்து, "அம்மான்னு கூப்புடு கண்ணு, கூப்புடு" என்று சுற்றி நின்று கெஞ்சினார்கள். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள்.

"இது சித்தி," என்றாள். "எங்கம்மா செத்துப்போச்சி."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.