கிள்ளிப் பார்த்த கை

தாது வருஷத்துப் பஞ்சத்தில் என் அம்மா காலையில் எழுந்ததும் எங்கள் மூன்று பேரின் மேல்கையையும் கிள்ளிப் பார்ப்பாள். எந்தக் கையில் சதை அகப்படுகிறதோ அந்தப் பிள்ளை பிழைக்கும் என்று அவளுக்கு எண்ணம். பிழைக்கிற பிள்ளைக்குத்தான் கஞ்சி. என் கையில் கொஞ்சம் அகப்பட்டது. தம்பியின் கிண்ணத்தில் இருந்ததும் எனக்கு வந்தது. தம்பியும் தங்கையும் போய்ச் சேர்ந்தார்கள், நான் பிழைத்தேன். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் எண்ணியது பலித்துவிட்டது, அதுதான் கொடுமை.

பிறகு கல்யாணமாகி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்தோம். நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டி, தட்டி வைத்துக் கட்டிய குடிசை. என் வீட்டுக்காரர் ஒல்லியான மனுஷன். ஒருநாள் சுரங்கத்தில் இறங்கும் ஷாப்டுக் குழிக்குள் பாறை சரிந்து அவர் மேல் விழுந்தது. பாறை ஆளைப் பார்த்து விழுவதில்லை என்று புத்தியுள்ளவர்களுக்குத் தெரியும். எனக்கோ, உடம்பில் சதை இல்லாததால்தான் அவர் போனார் என்று பட்டது.

அதன்பின் தனியாக இருக்கும் ஷிப்ட் ஆட்களுக்குக் களி கிண்டிப் போட்டுப் பிழைத்தேன். பானையில் மிஞ்சியதை வெளியே கொட்ட மனசு வராது, என் வயிற்றில் கொட்டினேன். உடம்பு ஊதியது. முட்டி வலித்தது, நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. அப்படியும் தினமும் காலையில் என் ஒரே மகள், சின்னப் பெண், அவள் கையைக் கிள்ளிப் பார்த்து, சதை அகப்பட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவேன். அவளும் சிரித்துக்கொண்டே என் கையைக் கிள்ளுவாள்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டர், இதயம் தாங்காது, சாப்பாட்டைப் பாதியாகக் குறை என்றார். பஞ்சம் பார்க்காதவர் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் உடம்பு வாகே இப்படித்தான், என்ன செய்தாலும் குறையாது என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பினேன்.

ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏறும்போது நெஞ்சை அடைத்து விழுந்துவிட்டேன். நினைவு இருந்தது, நாக்குதான் எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அழ ஆரம்பித்தாள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"அழாதீங்க அத்தை. எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. கையில எவ்ளோ சதை இருக்குது பாருங்க."

பஞ்சத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நான் செத்துப்போனாலும் இவள் என் கையைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எங்களுக்கு வேறு நாதி கிடையாது.

பிழைத்து எழுந்ததும் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். மிஞ்சிய களியைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அது தின்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. பசி எடுத்தாலே சாவு வந்துவிட்டதென்று தூங்காமல் கிடப்பேன். விடிந்து பார்த்தால் உயிரோடு இருப்பேன். பசி வேறு, பஞ்சம் வேறு என்று என் உடம்பு நம்ப மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் நம்பியது. குடத்தோடு அந்த மேட்டை நிற்காமல் ஏறினேன். குறையாது என்ற உடம்பு குறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் மகள் என் கையைக் கிள்ளினாள். அவள் விரலில் வெறும் தோல்தான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தன் தட்டில் இருந்த களியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"நீ துன்னும்மா. எனக்குத்தான் சதை இருக்குதே."

தம்பியின் கஞ்சி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. களியை அவள் தட்டிலேயே திருப்பி வைத்தேன். அடுப்பிலிருந்த பானையின் மூடியைத் திறந்து, பார், நிறைய இருக்கிறது என்று காட்டினேன். அவள் பானையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.