டகோட்டாவுக்கு மூக்குச் சக்கரம் கிடையாது

பழைய விமானம் என்றால் எனக்குக் கிறுக்கு. மலையகத்தில் நோர்வூட் போகும் வழியில், தேயிலைக்கு நடுவே, ஒரு ஹோட்டல்காரர் டகோட்டா விமானத்தின் உடலை லொறியில் ஏற்றி வந்து உணவகமாக்கியிருக்கும் படத்தை பேஸ்புக்கில் பார்த்ததிலிருந்து மனம் ஓயவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு என் மனைவி சுமதியின் அக்கா வீட்டுக்கு, டிக்கோயாவுக்குப் போயிருந்தோம். சனிக்கிழமை சுமதியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர், ஆயிரம் ரூபாய். "அங்க சாப்பாடு சரியில்லைங்க. பாத்துட்டு வந்துருங்க," என்றார் ஓட்டுநர். பார்க்கத்தானே போகிறோம் என்றேன்.

பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. தரையில் நிற்கும் டகோட்டாவின் மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். சின்னச் சக்கரம் வாலுக்கு அடியில்தான். இவர்களோ மேசைகள் சரியக்கூடாதென்று விமானத்தைச் சமமாக்கி, மூக்குக்குக் கீழே ஒரு லொறி டயரைச் செருகியிருந்தார்கள். ரோஸ் பெயின்ட் வேறு. போதாததற்கு, காற்றாடியில் பறக்கும் இதற்கு ஒலிபெருக்கியில் ஜெட் சத்தம்.

வாசலில் காவலாளி மறித்தார். "கல்யாண ஜோடி படம் எடுக்குறாங்க சேர். கொஞ்சம் இருங்க."

அந்தக் கொஞ்சம், ஒன்றரை மணி நேரம். தூறல் வேறு பிடித்துக்கொண்டது. சுற்றிலும் தேயிலை மலை. கிடைத்ததோ டீ-பேக்கை வெந்நீரில் முக்கிக் கொடுத்த டீ, கோப்பை அறுநூறு ரூபாய். நான் முணுமுணுப்பதைக் கேட்டுக் களைத்துப்போன சுமதி, எழுந்து நேராக விமானத்தின் கதவுக்குப் போனாள். திரும்பும்போது மணப்பெண்ணே கூட வந்தாள்.

"வாங்கண்ணே. உங்களுக்கு பிளேனப் பத்தி எல்லாம் தெரியும்னு அக்கா சொன்னாங்க."

பெயர் தர்ஷினி, டிக்கோயாவில் துணிக்கடை வேலை. அவளும் மாப்பிள்ளையும் எங்களை உள்ளே கூட்டிப்போனார்கள். விமானி அறையில் மட்டும் யாரும் கை வைத்திருக்கவில்லை. கருத்துப்போன மானிகள், தேய்ந்த நெம்புகோல்கள், எல்லாம் அசல். நான் வாயைத் திறந்தவன், மூக்குச் சக்கர மோசடி வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இவரு போற பிளேனும் இப்படித்தான் இருக்குமாண்ணே?"

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மாப்பிள்ளை கத்தாருக்கு வேலைக்குப் போகிறாராம். இரண்டு பேருமே விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. "என்னத்துல ஏறிப் போறாருன்னு பாத்துக்கிட்டா மனசு கொஞ்சம் அடங்கும்ல. அதான் இங்கயே படம் எடுக்கலாம்னேன்."

இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்ற பதில் என் தொண்டை வரை வந்துவிட்டது. சுமதி என் கையை அழுத்தினாள்.

"அது இதவிடப் பெருசும்மா, பத்திரமானது. ஆனா ஓட்டுறவங்க உட்காருற இடம் இப்படித்தான்," என்றேன். விமானி இருக்கையில் அவளையும் பக்கத்தில் மாப்பிள்ளையையும் உட்காரவைத்தேன். திசைமாற்றியைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே எழும் என்று காட்டினேன். அவள் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தாள். மாப்பிள்ளை விமானத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில், காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் பனிமூட்டம். குடை கட்டாயம். சாப்பாட்டைப் பற்றி ஓட்டுநர் சொன்னது உண்மை.

படம் எங்கே என்று கேட்பீர்கள். புகைப்படக்காரரின் பெரிய கேமரா அந்தக் குறுகிய அறைக்குள் நுழையவில்லை. அவர்களை என் போனில்தான் எடுத்தோம், சார்ஜ் தீரும்வரை. அத்தனையையும் தர்ஷினிக்கு அனுப்பிவிட்டேன். விமானத்தை மட்டும் எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.